பள்ளி இருக்கைகளுக்குப் பூர்வகுடித் துணி: தேர்விலிருந்து பராமரிப்பு வரை

நூலகத்தின் நீள் இருக்கை, வரவேற்பறைச் சோபா, வாசிப்பு மூலையில் கிடக்கும் மெத்தை மோடா என்று ஆஸ்திரேலியப் பள்ளிகளில் பல இடங்களில் பூர்வகுடிக் கலைஞர்கள் வடிவமைத்த துணியைப் போடுகிறார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வரும் உள்ளலங்காரக்காரர்களுக்கும், குஷன் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும், பள்ளி நிர்வாகத்தில் துணி வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை. மற்றத் துணிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் பாதி பழகியதுதான். மீதிப் பாதியில்தான் பெரும்பாலும் பிசகு நடக்கிறது. இந்த டிசைனுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவருக்குப் பின்னால் ஒரு குலமும் ஒரு நிலமும் இருக்கின்றன. கத்தரி வைக்கும் இடம்வரை அது கூடவே வரும்.

யாருடைய டிசைன்?

நிறத்தையும் விலையையும் பிறகு பாருங்கள். விற்பவரிடம் முதலில் நான்கு விவரம் கேளுங்கள்: கலைஞரின் பெயர், அவருடைய மொழிக்குழு, அவர் சார்ந்த கலை மையம் (ஊர்க் கலைஞர்கள் சேர்ந்து வேலை செய்து விற்கும் அமைப்பு), டிசைனின் தலைப்பு. முறையாக வந்த துணிக்கு இந்த நான்கும் உடனே கிடைக்கும். பெரும்பாலும் ரோலின் கரையிலேயே கலைஞர் பெயரும் டிசைன் பெயரும் அச்சாகியிருக்கும். ‘பூர்வகுடி பாணி’, ‘பூர்வகுடிக் கலையால் ஈர்க்கப்பட்டது’ என்று மழுப்பினால் அந்த மாதிரிப் புத்தகத்தை மூடிவிடலாம். புள்ளிகளும் வளைகோடுகளும் இருந்தால் போதும், வாங்குபவர் கேள்வி கேட்கமாட்டார் என்று நம்பி நடக்கும் வியாபாரம் அங்கே பெரியது. இந்தோனேசியாவில் செய்த பூமராங், டிஜெரிடூ முதலியவற்றைப் பூர்வகுடியினர் கையால் செய்தவை என்று வாங்குபவர் நினைக்கும்படி விற்றதற்காக பிருபி ஆர்ட் என்ற நிறுவனத்துக்கு 2019இல் கூட்டாட்சி நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

நம்பி வாங்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கலை மையங்கள். பாதர்ஸ்ட் தீவில் 1969இல் தொடங்கிய டிவி (Tiwi) டிசைன், மானிங்ரிடாவின் பாபரா பெண்கள் மையம், கன்பலன்யாவின் இன்ஜலக் ஆர்ட்ஸ், ஹாஸ்ட்ஸ் பிளஃபின் இகுன்ட்ஜி ஆர்ட்டிஸ்ட்ஸ் போன்றவை பருத்தி, லினன் துணிகளில் ஸ்கிரீன் பிரிண்ட் போடுகின்றன. ஆகஸ்டில் டார்வினில் நடக்கும் பூர்வகுடிக் கலைச் சந்தைக்குப் போனால் பல மையங்களின் துணியைக் கையால் தொட்டே பார்க்கலாம். இன்னொன்று, கலைஞர்களிடம் உரிமம் பெற்று, வணிக இருக்கைகளுக்கு ஏற்ற கனத்த துணியில் அந்த டிசைனைக் கொண்டுவரும் நிறுவனங்கள். மெல்பர்னின் வில்லி வெஸ்டன் அப்படிப்பட்ட ஒன்று. இந்த வழியில் வாங்கும்போது, விற்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் கலைஞருக்குப் பணம் போகிறதா என்று கேளுங்கள். விற்பவர் பூர்வகுடியினர் உடைமையிலுள்ள நிறுவனமா என்பதை சப்ளை நேஷன் பட்டியலில் பார்க்கலாம். பூர்வகுடிக் கலை நெறிமுறைக்குக் கையெழுத்திட்டவரா என்பது இண்டிஜினஸ் ஆர்ட் கோடின் உறுப்பினர் பட்டியலில் தெரியும்.

பள்ளி யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதும் இங்கே வருகிறது. சிட்னியின் மையப்பகுதி காடிகல் மக்களுடையது. மெல்பர்னின் பெரும்பகுதி உருன்ஜெரி மக்களுடையது. அடிலெய்ட் கௌர்ணா மக்களுடையது. பெர்த் வாஜக் நூங்கார் மக்களுடையது. டிவி (Tiwi) தீவுகளின் டிசைனை மெல்பர்ன் பள்ளியில் போடுவதில் தவறில்லை. அதை ‘நம் ஊர்ப் பூர்வகுடிக் கலை’ என்று பலகையில் எழுதுவது தவறு. முடிந்தால் உள்ளூர்க் கலைஞரிடமே தொடங்குங்கள். வெளியூர் டிசைன் என்றால், வாங்கும் முன்பே உள்ளூர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நியூ சவுத் வேல்ஸில் பூர்வகுடிக் கல்வி ஆலோசனைக் குழு, விக்டோரியாவில் விஏஇஏஐ என்ற பூர்வகுடிக் கல்விச் சங்கம் ஆகியவற்றின் உள்ளூர்க் கிளை வழியாக அவர்களை அணுகலாம். பெரியவர்களின் நேரத்துக்கும் ஆலோசனைக்கும் தனிக் கட்டணம் உண்டு. அதைத் திட்டச் செலவில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

அனுமதி

ரோலாக விற்கும் துணியை வாங்கி இருக்கைக்குப் போடுவதற்குத் தனி உரிமம் பொதுவாகத் தேவைப்படாது. புதிதாக அச்சடிக்க நினைக்கும்போதுதான் சிக்கல். பள்ளிக் கூடத்தில் ஒரு பூர்வகுடி ஓவியம் தொங்குகிறது, பள்ளி காசு கொடுத்து வாங்கியது. அதைப் படமெடுத்துத் துணியில் அச்சடிக்கலாமா? கூடாது. ஓவியம் பள்ளியுடையது, காப்புரிமை கலைஞருடையது. அவர் மறைந்து 70 ஆண்டுவரை அது குடும்பத்திடம் இருக்கும். காப்புரிமைக் காலம் முடிந்தாலும் அந்தக் கதையின் மீது குலத்துக்குள்ள பொறுப்பு முடிவதில்லை.

இதை நீதிமன்றங்களும் பார்த்திருக்கின்றன. 1994இல் தீர்ப்பான ஒரு வழக்கில், பூர்வகுடிக் கலைஞர்களின் ஓவியங்களை வியட்நாமில் கம்பளமாக நெய்து ஆஸ்திரேலியாவுக்கு இறக்குமதி செய்திருந்தார்கள். முன்னோர் கதையைச் சொல்லும் உருவங்கள் காலடியில் மிதிபட்டன. கலைஞர்களுக்கு நேர்ந்த பண்பாட்டுத் துன்பத்தையும் கணக்கில் எடுத்து, சுமார் 1,88,000 டாலர் இழப்பீடு தர உத்தரவானது. 1998இல் முடிந்த இன்னொரு வழக்கு துணி பற்றியதே. கணல்பிங்கு மக்களின் புனித நீர்நிலையைக் காட்டும் ஓவியம் அனுமதியில்லாமல் அச்சுத் துணியாக வந்திருந்தது. டிசைனைத் தன் குலத்துக்காகக் காக்கும் கடமை கலைஞருக்கு உண்டு என்று நீதிபதி அதில் சொன்னார்.

கலைஞரிடம் புதிய டிசைன் கேட்கிறீர்கள் என்றால் ஒப்பந்தத்தை எழுத்தில் வையுங்கள். எந்தப் பொருட்களுக்கு, எத்தனை மீட்டர், எத்தனை ஆண்டு, எந்தக் கட்டடத்துக்கு என்று தெளிவாக இருக்கட்டும். நிறம் மாற்றலாமா, அளவைப் பெரிதாக்கலாமா, திருப்பலாமா, துண்டாக்கலாமா என்பதற்கு ஒவ்வொன்றாகப் பதில் வாங்குங்கள். அச்சு மாதிரியைக் கலைஞர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே முழு அச்சு ஓட வேண்டும். ஆர்ட்ஸ் லா மையத்தின் ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் இன் த பிளாக்’ பிரிவு கலைஞர் பக்கம் நின்று ஒப்பந்தத்தைப் படித்துத் தரும். கலைஞர் அங்கே காட்ட விரும்பினால் அவசரப்படுத்தாதீர்கள்.

பிள்ளைகளையே புள்ளி ஓவியம் வரையச் சொல்லி, அதைத் துணியாக அச்சடித்து ‘பூர்வகுடி டிசைன்’ என்று பெயர் வைக்கும் பள்ளிகள் உண்டு. பிள்ளைகளின் ஆர்வம் நல்லதுதான், ஆனால் அந்த வடிவங்கள் அவர்களுடையவை அல்ல. உள்ளூர்க் கலைஞர் ஒருவரை அழைத்து, அவர் நடத்தும் பட்டறையில் அவர் சொல்லும் எல்லைக்குள் செய்தால் அது வேறு.

உட்காரும் இடமா, பார்க்கும் இடமா

கலைஞரிடம் நேராகக் கேட்க வேண்டிய கேள்வி: இதன் மேல் உட்காரலாமா? செடி, விதை, பனை ஓலைப் பின்னல், மீன்வலை, நீரோட்டம் போன்ற டிசைன்களுக்குப் பெரும்பாலும் தடை இருக்காது. முன்னோர் உருவம், சடங்கு அடையாளம் என்று வந்தால் நிலைமை வேறு. சில டிசைன்களைச் சுவரில் வைக்கலாம், இருக்கையிலோ தரையிலோ வைக்கக் கூடாது. இதை நீங்களே யூகிக்காதீர்கள். கலை மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, இருக்கையின் வரைபடத்தையும் இணைத்துக் கேட்டால் தெளிவான பதில் வரும்.

அனுமதி இருந்தாலும் துணி தாங்க வேண்டும். கலை மையங்களின் ஸ்கிரீன் பிரிண்ட் பருத்தியிலும் லினனிலும் மை நூலின் மேற்பரப்பில்தான் உட்கார்ந்திருக்கும். பள்ளி இருக்கையில் நாள் முழுக்கப் பிள்ளைகள் ஏறி இறங்கித் தேய்க்கும்போது முதலில் வெளுப்பது தையலோரம் வைக்கும் பைப்பிங் நாடா, பிறகு முன் விளிம்பு, அதற்குப் பிறகு உட்காரும் நடுப்பகுதி. அது துணியின் குறையல்ல. அந்தத் துணி அந்த வேலைக்கு வந்ததல்ல. அதை முதுகுக் குஷன், திரைச்சீலை, சட்டமிட்ட சுவர்ப் பலகை ஆகியவற்றுக்கு வையுங்கள். ஆண்டுக்கணக்கில் அழகாக நிற்கும்.

உட்காரும் பகுதிக்கு மூன்று தேர்வுகள். ஜக்கார்டு நெசவில் டிசைன் நூலிலேயே இருப்பதால் தேய்ந்தாலும் உருவம் போகாது. ஆனால் மெல்லிய கோடுகள் நெசவில் தடித்துவிடும், அதனால் நெய்த மாதிரியைக் கலைஞர் பார்த்தாக வேண்டும். இரண்டாவது, பாலியஸ்டரில் வெப்பத்தால் ஏற்றும் அச்சு. சாயம் இழைக்குள் போவதால் ஸ்கிரீன் பிரிண்டைவிட நெடுநாள் வரும். மூன்றாவது, அச்சிட்ட ரெக்சின். சாப்பாடு சிந்தும் இடத்துக்கும் சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்கும் இதுவே சரி.

பாலியஸ்டர் அச்சில் ஒரு பிசகு அடிக்கடி வரும். சொரசொரப்பான அல்லது தடித்த நெசவில் அச்சிட்டால் சாயம் மேட்டில் மட்டும் பிடிக்கும், பள்ளத்தில் வெள்ளை நூல் அப்படியே இருக்கும். தட்டையாக விரித்துப் பார்க்கையில் தெரியாது. மோடாவின் வளைந்த விளிம்பில் இழுத்து ஸ்டேப்ளர் அடித்ததும் பள்ளங்கள் விரிந்து, கறுப்புப் பகுதி சாம்பலாக வெளிறும். மாதிரித் துணியை உங்கள் முழங்காலின் மேல் வைத்து இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். வெளிறினால் அந்தத் துணியை வளைவில்லாத பலகைக்கு மட்டும் வையுங்கள்.

பணம் குறைவு என்றால் நாங்கள் சொல்வது இதுதான்: டிசைன் துணி முதுகுப் பகுதிக்கு, அதிலிருந்தே எடுத்த ஒரு நிறத்தில் வெறும் ரெக்சின் அல்லது கம்பளித் துணி உட்காரும் பகுதிக்கு. டிசைன் கண் மட்டத்தில் நிற்கும், யாரும் அதன் மேல் உட்காரமாட்டார்கள், தேயும் பகுதியை மட்டும் மலிவாக மாற்றலாம். எல்லா இருக்கைக்கும் டிசைன் போட்டு அறையை நிரப்புவதைவிட இது கலைக்கும் மரியாதையாக இருக்கிறது.

சோதனைத் தாள்

விற்பவரிடம் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். துணி எத்தனை தேய்ப்பைத் தாங்கும் என்று காட்டும் மார்ட்டிண்டேல் எண் பள்ளி இருக்கைக்குக் குறைந்தது 40,000 இருக்கட்டும். தேய்ந்த நூல் உருண்டு முடிச்சாவதை அளக்கும் தரம் 4க்குக் குறையக் கூடாது. வெயிலுக்கு நிறம் தாங்கும் தரம் 8 படியில் குறைந்தது 5. ஜன்னலோரம் என்றால் 6. ஆஸ்திரேலியாவில் வெயில் வடக்கு ஜன்னல் வழியாகத்தான் அடிக்கும். கட்டட வரைபடத்தைப் பார்க்கையில் இதை நினைவில் வையுங்கள். தேய்க்கும்போது சாயம் ஒட்டாமல் நிற்கும் தரம் உலர்ந்த நிலையில் 4, ஈரத்தில் 3. ஈரத் தேய்ப்பில் தோற்ற துணி மழைநாளில் பிள்ளைகளின் சீருடையில் சாயம் ஏற்றும்.

தீ விஷயத்தில் துணியை மட்டும் பார்ப்பது போதாது. ஆஸ்திரேலிய-நியூசிலாந்துத் தரமான ஏஎஸ்/என்இசட்எஸ் 3744 சோதனை துணியையும் ஃபோமையும் சேர்த்தே பார்க்கிறது. ஒரு ஃபோமுடன் தேறிய துணி இன்னொரு ஃபோமுடன் தோற்கலாம், ஆகவே அறிக்கையில் எந்த ஃபோம் என்று படியுங்கள். அங்கே ஃபோமை இரண்டு எண்ணால் சொல்வார்கள்: 36-130 என்றால் கன மீட்டருக்கு 36 கிலோ அடர்த்தி, 130 நியூட்டன் கடினம். அதே துணியைச் சுவரில் ஒட்டினால் சட்டம் அதை இருக்கையாகப் பார்க்காது, சுவரை மூடும் பொருளாகப் பார்க்கும், தீயில் எப்படி நடந்துகொள்ளும் என்று வகைப்படுத்தும் குழு எண்ணை ஏஎஸ் 5637.1 தரத்தின்படி கேட்பார்கள். அறிவிப்புப் பலகைக்குத் துணி போடப் போகிறீர்கள் என்றால் கட்டடச் சான்று தருபவரிடம் முதலிலேயே காட்டுங்கள். ஒட்டிய பிறகு பிய்க்கச் சொன்னால் துணி மொத்தமும் வீண்.

அளவும் வெட்டும்

3 மீட்டர் நீளமுள்ள ஒரு நூலக இருக்கையை எடுத்துக்கொள்வோம். உட்காரும் ஆழம் 45 செ.மீ., முன்பக்கம் 10, பின்னால் மடிக்க 10, ஆக 65. முதுகு உயரம் 40, மேல் விளிம்பு 8, மடிக்க 10, ஆக 58. இரண்டும் சேர்ந்து 123 செ.மீ. பக்கங்களில் மடிக்கச் சேர்த்து நீளம் 324 செ.மீ. துணியின் அகலம் 137 என்று வைத்துக்கொள்வோம்.

ரோலைக் குறுக்காகத் திருப்பிப் போட்டால் 123 அகலத்துக்குள் அடங்கிவிடும். சுமார் 3.25 மீட்டர் போதும், நடுவே தையலும் இல்லை. எல்லாப் பட்டறைகளும் இதையே விரும்பும். ஆனால் அப்படிச் செய்தால் டிசைன் 90 பாகை சாய்கிறது. ஓடும் ஆறு செங்குத்தாக நிற்கும், நிற்கும் மரம் படுத்துக்கிடக்கும், பறவை தலைகுப்புறப் பறக்கும். திருப்ப அனுமதி இல்லாத டிசைனில் இது, தன் படைப்பைச் சிதைக்கக் கூடாது என்று கேட்க கலைஞருக்குள்ள தார்மீக உரிமையையே தொடும். நிமிர்த்திப் போடுவதாக இருந்தால் மூன்று துண்டு வேண்டும். டிசைன் திரும்ப வரும் தூரம் 64 செ.மீ. என்றால் ஒவ்வொரு துண்டும் 123க்குப் பதில் 128 ஆகும், மொத்தம் 3.84 மீட்டர். பத்து இருக்கைக்கு ஆறு மீட்டர் கூடுதல். இந்த ஆறு மீட்டரை மிச்சம் பிடிக்கத்தான் பட்டறையில் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பிவிடுகிறார்கள். வேலைத்தாளில் ‘கரை இடது, வலது பக்கங்களில் மேலிருந்து கீழாக, டிசைன் நிமிர்ந்து’ என்று எழுதி, அம்புக்குறி போட்ட படமும் கொடுங்கள். தையல் நடுவில் விழாதபடி முழு அகலத் துண்டை நடுவிலும் சிறிய துண்டுகளை இரு பக்கமும் வைக்கச் சொல்லுங்கள்.

மெத்தை மோடாவுக்கு, விட்டம் 60, உயரம் 45 என்றால், மேல் வட்டத்துக்கு 63 செ.மீ. சதுரம். சுற்றுப்பட்டை 188.5, அதை இரண்டாக்கினால் தையலோடு ஒவ்வொன்றும் 97 செ.மீ. நீளம், 50 உயரம். அதே 64 செ.மீ. டிசைனைப் பொருத்தி வெட்ட 1.8 மீட்டர் ஆகும். 2 மீட்டர் வாங்குங்கள். மேல் வட்டத்தில் எது விழுகிறது என்று வெட்டும் முன் பாருங்கள். அட்டையின் நடுவில் அந்த வட்ட அளவுக்கு ஓட்டை வெட்டி, துணிமேல் நகர்த்திப் பார்த்தால் உருவங்கள் எங்கே அறுபடும் என்று தெரியும். மனித உருவத்தின் தலையும் விலங்கின் உடலும் தையலில் துண்டாகக் கூடாது.

பொத்தான் வைத்து அமுக்கும் வேலை பள்ளிக்கு வேண்டாம்; குழியில் ரொட்டித் துகள் சேரும், பிள்ளைகள் பொத்தானைப் பிடுங்குவார்கள். ஜிப் அடிப்பக்கம் வரட்டும், இழுப்பானைக் கழற்றிவிடுங்கள். துவைக்கக் கழற்றும் உறை பருத்தி என்றால், வெட்டும் முன் துணியை ஒரு தடவை அலசிச் சுருங்க வையுங்கள். கலை மையத்துத் துணியை அப்படி அலசலாமா என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

முழு வேலைக்கும் வேண்டிய துணியோடு பத்து சதவீதம் கூட்டி ஒரே தடவையில் வாங்குங்கள். கையால் அச்சிடும் துணியில் ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் நிறம் கொஞ்சம் மாறும். வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளைப் பள்ளிச் சந்தையில் பென்சில் பையாகத் தைத்து விற்க நினைத்தால் அதற்கும் கேட்டுக்கொள்ளுங்கள். மிதியடியாகவோ துடைக்கும் துணியாகவோ அவற்றைப் போட வேண்டாம்.

நாள் கணக்கு

பள்ளிகள் இந்த வேலையை டிசம்பர், ஜனவரி கோடை விடுமுறைக்குத் தள்ளும். பல கலை மையங்கள் இருக்கும் வட ஆஸ்திரேலியாவில் அதுதான் மழைக்காலம். ஆறு பெருகி சாலை மூடும், சரக்கு நின்றுவிடும். ஆகவே துணி மே முதல் அக்டோபருக்குள் அச்சாகிப் பட்டறைக்கு வந்துவிட வேண்டும். சமூகத்தில் மரணம் நிகழ்ந்தால் துக்க காலத்தில் கலை மையம் மூடியிருக்கும். எத்தனை நாள் என்று கேட்டு நெருக்கக் கூடாது. அதற்கும் இடம் விட்டே அட்டவணை போடுங்கள், பள்ளி முதல்வருக்கும் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

பலகை

இருக்கைக்கு அருகில் சிறிய பலகை ஒன்று: கலைஞர் பெயர், மொழிக்குழு, டிசைன் தலைப்பு, கலை மையம், அவர் பொதுவில் சொல்ல ஒப்பிய அளவு கதை. வாசகத்தை நீங்கள் எழுதி, அச்சிடும் முன் கலை மையத்திடம் காட்டித் திருத்தம் வாங்குங்கள். கலைஞர் காலமானால் சில சமூகங்களில் பெயரையும் படத்தையும் சிறிது காலம் மறைக்கச் சொல்வார்கள். திருகாணி போட்ட, கழற்றி மாற்றும் பலகையாக வைத்தால் அன்றே அதைச் செய்துவிடலாம். பள்ளி இணையதளத்தில் அறையின் படம் போடுவது சரி, கலைஞர் பெயரோடு. அந்த டிசைனை மட்டும் வெட்டியெடுத்து அழைப்பிதழுக்கும் செய்தி மடலுக்கும் பின்னணியாக வைப்பது தனிப் பயன்பாடு. அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

பராமரிப்பு

துப்புரவு ஆட்களுக்கு ஒரு பக்கத் தாள் கொடுங்கள். வாரம் ஒருமுறை மென் பிரஷ் வைத்த வேக்குவம். கறை பட்டால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. இளஞ்சூடான தண்ணீரில் காரமில்லாத சோப்பு. குளோரின் பிளீச் அச்சுத் துணியின் நிறத்தைத் தின்றுவிடும். சாராயம் கலந்த கைக்கிருமிநாசினி சில ரெக்சின் அச்சுகளைக் கரைக்கும், அதனால் கிருமிநாசினிப் பாட்டிலை இருக்கைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டாம். சூயிங்கம் ஒட்டினால் ஐஸ் வைத்து இறுக்கி உதிருங்கள். வெளிர் ரெக்சினில் ஜீன்ஸ் நீலம் ஏறினால் அன்றைக்கே துடைத்தால் போகும். ஒரு வாரம் விட்டால் போகாது.

பள்ளி அலுவலகத்தில் ஒரு கோப்பு இருக்கட்டும். அதில் ரோலின் கரைத் துண்டு, தொகுதி எண், சோதனை அறிக்கை, அனுமதி மின்னஞ்சல்கள், வெட்டு வரைபடம், கலை மையத்தின் முகவரி ஆகியவற்றை வையுங்கள். கூடவே இரண்டு மீட்டர் துணியைச் சுருட்டி, மடிக்காமல், இருட்டான அலமாரியில் வையுங்கள். ஐந்தாறு ஆண்டுக்குப் பின் ஒரு குஷனை மட்டும் மாற்ற வருபவர் அந்தக் கோப்பைத் திறந்தால், எந்தப் பக்கம் மேலே வர வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பது இரண்டும் அதிலேயே இருக்கும்.